சின்ன கவுண்டியில் கைதுப் பதிவு தேட எங்கே போவது: ஜெயிலா, கிளார்க்கா, ஆஸ்டினா, இணையமா?

டெக்சஸில் 254 கவுண்டிகள்; நம்மூர் மாவட்டம் மாதிரி. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் ஒருவர் கைதானால், வீட்டில் உட்கார்ந்தபடி பெயரைத் தட்டி வழக்கு எண், ஜாமீன் தொகை, அடுத்த வாய்தா எல்லாம் பார்த்துவிடலாம். அதே மாநிலத்தின் மேற்கில் லவிங் கவுண்டி இருக்கிறது. பரப்பு சுமார் 1,750 சதுர கிலோமீட்டர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தவர்கள் 64 பேர். எண்ணெய் வயல்களுக்கு வந்து போகும் லாரிகளும் ஆட்களும்தான் அங்கே அதிகம். இந்த மாதிரி இடங்களில் போலீசிடம் மாட்டுகிறவர் உள்ளூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த வழியாகக் காரில் போனவராகவும் இருக்கலாம். அவரைத் தேடும் குடும்பம் டாலஸிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும்.

நேரே போய் விசாரிக்க முடியாதவர்களுக்கு இருக்கும் வழிகளை இங்கே எடை போட்டுப் பார்க்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கைதாகி இரண்டு மூன்று நாள்தான் ஆகிறதென்றால் ஜெயிலுக்கு போன். அதற்கு மேல் ஆகிவிட்டதென்றால் கோர்ட் கிளார்க். என்ன நடந்தது என்ற விவரம் வேண்டுமென்றால் எழுத்து மூலம் மனு. மாநிலம் முழுக்கப் பார்க்க வேண்டுமென்றால் ஆஸ்டினில் உள்ள டிபிஎஸ், அதாவது மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை. பணம் கட்டச் சொல்லும் ‘பின்னணி தேடல்’ தளங்களை விட்டுவிடுங்கள். இந்தச் சட்டங்களும் காலக்கெடுவும் டெக்சஸுக்கானவை. பக்கத்து மாநிலம் போனாலே அலுவலகத்தின் பெயரிலிருந்து எல்லாம் மாறும்.

ஒரு கைது, ஐந்து இடத்தில் காகிதம்

எஃப்ஐஆர் போல எல்லாவற்றுக்கும் தாய்ப்பத்திரமாக ஒரு காகிதம் இங்கே கிடையாது. ஒரே கைது ஐந்து இடங்களில் தனித்தனியாகப் பதிவாகிறது. பிடித்த ஏஜென்சி ஒரு ரிப்போர்ட் எழுதுகிறது. ஜெயிலில் ஆளை உள்ளே எடுக்கும்போது புக்கிங் பதிவு போடுகிறார்கள். 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே குற்றச்சாட்டும் ஜாமீன் தொகையும் எழுதிய தாள் ஒன்று உருவாகிறது. கிராமப்புறத்தில் மாஜிஸ்திரேட் வேலையைப் பெரும்பாலும் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் என்ற உள்ளூர் நீதிபதி பார்ப்பார்; அவருடையதுதான் ஜஸ்டிஸ் கோர்ட். அரசு வக்கீல் வழக்குப் போட்டால் கோர்ட்டில் ஒரு கோப்பு திறக்கும். கைரேகை அட்டை டிபிஎஸ்ஸுக்குப் போகும். கைதான ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது.

இவற்றில் பல ஒரே கட்டடத்தில் இருந்தாலும் ஒன்றின் விவரம் இன்னொன்றுக்குத் தானாகப் போய்ச் சேராது. ‘ஷெரிஃப் ஆபீசில் ஒன்றும் இல்லை என்றார்கள்’ என்று நிம்மதியடைகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். (ஷெரிஃப் என்பவர் கவுண்டியின் போலீஸ் தலைவர்.) நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தியவர் மாநில ட்ரூப்பராக இருந்தால் ரிப்போர்ட் டிபிஎஸ்ஸிடம் இருக்கும். வேட்டை, மீன்பிடி, படகு தொடர்பானது என்றால் கேம் வார்டன் பிடித்திருப்பார். அவர் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையைச் சேர்ந்தவர். ஷெரிஃபிடம் இவற்றுக்கெல்லாம் புக்கிங் பதிவு மட்டும்தான் இருக்கும். ஆகவே ‘கைது செய்தது எந்த ஏஜென்சி?’ என்ற கேள்விக்குத்தான் முதலில் பதில் வேண்டும்.

முதல் வழி: ஜெயில் ரோஸ்டரும் போனும்

பெரிய கவுண்டிகளில் ரோஸ்டர் நொடிக்கு நொடி மாறும். சின்ன கவுண்டியில் அது காலையில் ஒருமுறை ஏற்றிய பிடிஎஃப் ஆக இருக்கலாம், ஷெரிஃபின் ஃபேஸ்புக் பக்கமாக இருக்கலாம், இல்லாமலே இருக்கலாம். இருந்தாலும் அது இந்த நிமிஷம் உள்ளே இருப்பவர்களின் பட்டியல்தான். ஜாமீனில் வெளியே வந்ததும் பெயர் மறைந்துவிடும். போன வாரம் கைதாகி மறுநாளே வெளியே வந்தவரை ரோஸ்டரில் தேடுவது வீண்.

சில கவுண்டிகளுக்குச் சொந்த ஜெயிலே கிடையாது. பக்கத்து கவுண்டியோடு ஒப்பந்தம் போட்டு அங்கே இடம் வாங்குகிறார்கள். சொந்த ஜெயில் உள்ள இடத்திலும் பெண்களை வேறு கவுண்டிக்கு அனுப்பலாம். எனவே போன் செய்யும்போது ‘இன்னார் அங்கே இருக்கிறாரா’ என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். ‘உங்கள் கவுண்டியில் கைதாகிறவர்களை எந்த ஜெயிலில் வைப்பீர்கள்?’ என்பதையும் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். ஜெயிலரும் டிஸ்பாட்ச்சரும் ஒரே ஆளாக இருக்கக்கூடும், அவசர அழைப்பு வந்தால் உங்களைக் காக்க வைப்பார். கோபித்துக்கொள்ளாமல் காத்திருங்கள்.

கையில் தாளோடு இத்தனையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: புக்கிங் எண், கைதான தேதியும் நேரமும், கைது செய்த ஏஜென்சி, ஒவ்வொரு குற்றச்சாட்டும் அதன் வகுப்பும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜாமீன் தொகை, மாஜிஸ்திரேட் பெயர், ‘ஹோல்ட்’ ஏதாவது உண்டா.

ரோஸ்டரில் ஒரு வரி எப்படி இருக்கும் என்று பாருங்கள். கற்பனை வரிதான்: ‘குமரன், எஃப்என்யூ — 23:40 — ஏஜென்சி டிபிஎஸ் — டிடபிள்யூஐ — கிளாஸ் பி — பாண்ட் 1,500 — ஹோல்ட்: வேறு கவுண்டி வாரண்ட்’. டிடபிள்யூஐ என்றால் குடித்துவிட்டு வண்டி ஓட்டியது; எஃப்என்யூ பற்றிப் பின்னால் வரும். பதறிப்போன குடும்பத்தின் கண் 1,500 டாலரில் நிற்கும். கவனிக்க வேண்டியது கடைசிக் கட்டம். ஹோல்ட் இருந்தால் 1,500 கட்டினாலும் கதவு திறக்காது. அந்த இன்னொரு கவுண்டியின் வாரண்ட்டையும் தீர்க்க வேண்டும், அதன் கோர்ட் கோப்பும் அங்கேதான் இருக்கும். அந்தக் கட்டத்தில் ஐசிஇ (மத்திய இமிக்ரேஷன் அமலாக்க அமைப்பு) என்று இருந்தால் விஷயம் வேறு. ஜாமீன் கட்டிய பிறகு 48 மணி நேரம் வரை வைத்திருந்து இமிக்ரேஷன் காவலுக்கு ஒப்படைக்கச் சொல்லும் கோரிக்கை அது. அங்கே பணம் கட்டும் முன் இமிக்ரேஷன் வக்கீலிடம் பேசிவிடுங்கள். அப்படி மாற்றிவிட்டால் அவர் பெயர் கவுண்டி ரோஸ்டரிலிருந்து போய்விடும். ஐசிஇயின் இணையத் தேடலில் ஏ-எண்ணும் (இமிக்ரேஷன் துறை ஒருவருக்குத் தரும் எண்) பிறந்த நாடும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இந்த வழியில் செலவு இல்லை, நேரமும் ஆகாது. ஆனால் அதிகாரப்பூர்வமான காகிதம் எதுவும் கிடைக்காது; வழக்கு எப்படி முடிந்தது என்பதும் தெரியாது.

இரண்டாம் வழி: கோர்ட் கிளார்க்

மூன்று நாள் தாண்டிவிட்ட கைது எதற்கும் நாங்கள் முதலில் காட்டும் இடம் இதுதான். கைதுக்குப் பின் என்ன ஆயிற்று என்பது கோர்ட் கோப்பில்தான் இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விடுகிறவருக்கும் சரி, இமிக்ரேஷன் அதிகாரிக்கும் சரி, தெரிய வேண்டியது அந்தப் பின்கதைதான்.

எந்தக் கிளார்க் என்பது குற்றத்தின் வகுப்பைப் பொறுத்தது. கிளாஸ் சி என்றால் 500 டாலர் வரை அபராதம் மட்டும்; ஜஸ்டிஸ் கோர்ட்டுக்கோ டவுனின் முனிசிபல் கோர்ட்டுக்கோ போகும். கிளாஸ் ஏ, பி இரண்டும் கவுண்டி கோர்ட், எனவே கவுண்டி கிளார்க். இந்த மூன்று வகுப்பும் மிஸ்டிமீனர் எனப்படும் சிறு குற்றங்கள். ஃபெலனி, அதாவது பெரிய குற்றம் என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க். முதல்முறை டிடபிள்யூஐ பொதுவாக கிளாஸ் பி. நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத ஒன்று: காய்ந்த கஞ்சா இலை இரண்டு அவுன்ஸுக்குள் என்றால் டெக்சஸில் கிளாஸ் பி, அதே கஞ்சாவின் டிஎச்சி எண்ணெய் அடைத்த வேப் கார்ட்ரிட்ஜ் ஒரு கிராமுக்குக் கீழே இருந்தாலும் ஃபெலனி. கொலராடோவில் கடையில் வாங்கியதைப் பையில் வைத்துக்கொண்டு டெக்சஸ் வடமுனையைக் கடப்பவரின் கோப்பைக் கவுண்டி கிளார்க்கிடம் தேடினால் கிடைக்காது, டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம்தான் இருக்கும்.

சின்ன கவுண்டியில் இங்கே ஒரு சௌகரியம் இருக்கிறது. மக்கள்தொகை 8,000க்குக் கீழே உள்ள கவுண்டிகளில் ஒரே ஆள் இரண்டு கிளார்க் பதவியையும் வகிக்க மாநில அரசியல் சட்டம் வழி செய்கிறது. ஒரே போன், ஒரே மேஜை. ‘மிஸ்டிமீனர், ஃபெலனி இரண்டு இண்டெக்ஸிலும் பாருங்கள்’ என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒன்றை மட்டும் பார்த்து ‘இல்லை’ என்று சொல்லக்கூடும். ஜஸ்டிஸ் கோர்ட் பதிவுகள் இவரிடம் இருக்காது. அதற்குத் தனியாகப் பேச வேண்டும். அந்த அலுவலகம் வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்கும் என்றும் எண்ண வேண்டாம்.

டிஸ்ட்ரிக்ட் நீதிபதி ஒருவரே பல கவுண்டிகளுக்குப் போய் வருவார். 143வது டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டின் எல்லையில் லவிங், வார்ட், ரீவ்ஸ் மூன்றும் வருகின்றன. கோர்ட் பொதுவாக இருந்தாலும் கோப்பு அந்தந்த கவுண்டியின் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடமே இருக்கும்.

எப்போது கூப்பிடுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. மதியம் பன்னிரண்டு முதல் ஒரு மணி வரை பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகும் அலுவலகங்கள் உண்டு. கவுண்டி கிளார்க்தான் கமிஷனர்ஸ் கோர்ட் (பெயர் கோர்ட் என்றாலும் கவுண்டியின் நிர்வாகக் குழு அது) கூட்டத்துக்கும் எழுத்தர். கூட்டம் நடக்கும் நாளில் அவர் மேஜையில் இருக்க மாட்டார். சின்ன கவுண்டிகளில் தேர்தலையும் பெரும்பாலும் அவரே நடத்துகிறார். அக்டோபர் கடைசியில் அனுப்பிய கடிதத்துக்கு நவம்பர் நடுவில் பதில் வந்தால் வியப்பில்லை.

சாதாரண நகல் பொதுவாகப் பக்கத்துக்கு 1 டாலர். முத்திரையிட்ட சான்று நகல் கவுண்டி கிளார்க்கிடம் என்றால் பக்கக் கட்டணத்தோடு சான்றுக்கு 5 டாலர். சொந்த செக்கை வாங்காத அலுவலகங்கள் உண்டு. மணி ஆர்டர் எங்கும் செல்லும். தபால்தலை ஒட்டி, உங்கள் முகவரி எழுதிய உறையை உள்ளே வைத்து அனுப்பினால் வேலை பாதி முடிந்தது. அனுப்பும் முன் போன் செய்து பக்க எண்ணிக்கையைக் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு டாலர் குறைகிறது என்று மொத்தமும் திரும்பி வரும்.

கோப்பு முழுக்க வாங்க வேண்டியதில்லை. குற்றச்சாட்டுத் தாள், தீர்ப்பு அல்லது தள்ளுபடி உத்தரவு, வாரண்ட் இருந்தால் அதன் அஃபிடவிட், இவை போதும். மிஸ்டிமீனருக்குக் குற்றச்சாட்டுத் தாள் ‘இன்ஃபர்மேஷன்’, ஃபெலனிக்கு ‘இன்டைட்மெண்ட்’. அந்த அஃபிடவிட்டைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வாரண்ட்டை நிறைவேற்றிய கணத்திலிருந்து வாரண்ட்டும் அதற்கு ஆதாரமான அஃபிடவிட்டும் பொதுப் பதிவு என்று டெக்சஸ் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15.26 பிரிவு சொல்கிறது. போலீஸ் ரிப்போர்ட்டைத் தர மறுத்தாலும், என்ன நடந்ததாகச் சொல்கிறார்கள் என்பது இந்த இரண்டு மூன்று பக்கத்தில் இருக்கும். மாஜிஸ்திரேட்டின் கிளார்க்கிடம் கேளுங்கள். வாரண்ட் இல்லாமல் வழியில் பிடித்த கைது என்றால் இந்த வழி உதவாது.

இந்த வழியில் பலரும் ஏமாறுவது காலத்தில்தான். கைதுக்கும் வழக்குப் போடுவதற்கும் நடுவே நீண்ட இடைவெளி இருக்கலாம். டிடபிள்யூஐயில் இரத்தப் பரிசோதனை முடிவு லேபிலிருந்து வர மாதங்கள் ஆகும். ஃபெலனி என்றால், வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி கூட வேண்டும். சின்ன கவுண்டியில் அது அடிக்கடி கூடுவதில்லை. அதுவரை கிளார்க் ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்றுதான் சொல்வார், அது பொய்யுமல்ல. மிஸ்டிமீனருக்கு வழக்குப் போட அரசுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஃபெலனிகளில் பலவற்றுக்கு மூன்று, சிலவற்றுக்கு அதற்கும் மேல். ஜாமீனில் வந்த ஒருவர் ஆறு மாதம் கழித்து ‘கிளார்க்கிடம் ஒன்றும் இல்லை, வழக்கு போய்விட்டது’ என்று முடிவுகட்டி ஊர் மாறினால், வாய்தாக் கடிதம் பழைய முகவரிக்குப் போகும், அடுத்து வருவது வாரண்ட்.

இணையத்தில் ரீசர்ச்டிஎக்ஸ் என்ற மாநில நீதிமன்றத் தளம் இருக்கிறது. சிவில் வழக்குக்கு நல்லது. சின்ன கவுண்டியின் கிரிமினல் வழக்கு அதில் இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

மூன்றாம் வழி: எழுத்து மூலம் மனு

டெக்சஸ் பொதுத் தகவல் சட்டம், அரசுச் சட்டத் தொகுப்பின் 552வது அத்தியாயம். நம்மூர் ஆர்டிஐயின் அண்ணன் என்று சொல்லலாம், வயதில் மூத்தது. இது ஷெரிஃப், போலீஸ், டிபிஎஸ் போன்றவற்றுக்குச் செல்லும், நீதிமன்றங்களுக்குச் செல்லாது. கிளார்க்கிடம் இந்தச் சட்டத்தைக் காட்டிச் சண்டை போடுவது நேர விரயம்.

விசாரணை நடக்கிறது என்ற காரணத்தைச் சொல்லி போலீஸ் ரிப்போர்ட்டை மறைக்க 552.108 பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதே பிரிவின் (சி) உட்பிரிவு, கைதானவர், கைது, குற்றம் பற்றிய அடிப்படைத் தகவலை மறைக்க முடியாது என்கிறது. ஹூஸ்டன் நாளிதழ் ஒன்று நகரத்தின் மீது தொடுத்த வழக்கில் 1975ல் வந்த தீர்ப்பிலிருந்து கிளைத்தது இது. பெயர், வயது, கைதான இடமும் நேரமும், குற்றச்சாட்டு, கைதின் சுருக்கமான விவரம், புக்கிங், ஜாமீன், விடுவிப்பு ஆகியவை அதில் அடங்கும். பிறந்த தேதி கறுப்படித்து வரக்கூடும்.

மனு எழுதுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது, பாதிப்பேர் அங்கே கோட்டை விடுகிறார்கள். ‘இன்னாரைப் பற்றி உங்களிடம் உள்ள எல்லா கைதுப் பதிவும் வேண்டும்’ என்று கேட்டால், ஒரு தனிமனிதரின் குற்ற வரலாற்றைத் தொகுத்துக் கேட்பதாகிவிடும். அப்படித் தொகுப்பது அந்தரங்கத்தைப் பாதிக்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989ல் மத்திய தகவல் சட்ட வழக்கு ஒன்றில் சொன்னது. டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகமும் அதை எடுத்துக்காட்டி மறுப்புகளை ஏற்றிருக்கிறது. அதையே சம்பவமாகக் கேளுங்கள்: ‘மார்ச் 14 இரவு 11 மணியளவில், இன்ன நெடுஞ்சாலையில், இன்ன மைல்கல் அருகே உங்கள் அதிகாரி செய்த கைது தொடர்பான அடிப்படைத் தகவல், புக்கிங் எண் இது.’ முதல் வழியில் போனில் குறித்து வைத்த புக்கிங் எண் இப்போது கைகொடுக்கும்.

யாருக்கு அனுப்புவது? கவுண்டியில் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரி ஒவ்வொருவரும் தம் அலுவலகப் பதிவுக்குத் தாமே பொறுப்பு. எனவே ஷெரிஃபின் பெயருக்கே அனுப்ப வேண்டும். கவுண்டி ஜட்ஜுக்கு அனுப்பினால் ‘எங்களிடம் இல்லை’ என்று பதில் வரும். இணையதளத்தில் மனுவுக்கென்று ஒரு மின்னஞ்சலோ முகவரியோ குறிப்பிட்டிருந்தால் அதற்கே அனுப்புங்கள். போனில் கேட்டதும் ஃபேஸ்புக் மெசேஜும் சட்டப்படி மனு ஆகிவிடாது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விசாரிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. கேட்பது தெளிவாக இல்லையென்றால் விளக்கம் கேட்கலாம், அந்தக் கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் மனு காலாவதியாகும்.

காலக்கெடு இப்படிப் போகும். தாமதமின்றித் தர வேண்டும். மறைக்க விரும்பினால் 10 வேலை நாளுக்குள் அட்டர்னி ஜெனரலிடம் அனுமதி கேட்க வேண்டும்; அவர் முடிவெடுக்க 45 வேலை நாள். ஆக, மோசமான நிலையில் மூன்று மாதம் வரை இழுக்கும். 10 நாளைத் தவறவிட்டால் அந்தத் தகவல் பொதுத் தகவல் என்றே கருதப்படும். சின்ன கவுண்டிகளில் தவறவிடுவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, ஆள் இல்லாததால். பதினோராம் நாள் மரியாதையாக ஒரு நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லையென்றால் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் திறந்த பதிவு உதவி எண், இந்த வரிசையில் போனால் காரியம் நடக்கும்.

செலவு குறைவு. பக்கத்துக்கு 10 சென்ட். 50 பக்கத்துக்குள் என்றால் பொதுவாக ஆள்கூலி கேட்க முடியாது. அதற்கு மேல் மணிக்கு 15 டாலர். மொத்தம் 40 டாலரைத் தாண்டும் என்றால் முன்கூட்டியே கணக்குப் போட்டு அனுப்ப வேண்டும்; நீங்கள் 10 வேலை நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். ‘40 டாலருக்கு மேல் போனால் கேட்டுவிட்டுச் செய்யவும்’ என்று மனுவிலேயே எழுதிவிடுவது நல்லது. டேஷ்போர்டு வீடியோ, பாடி கேமரா இரண்டையும் இதே மனுவில் சேர்க்காதீர்கள். பாடி கேமராவுக்கு விதி வேறு, கட்டணம் வேறு. ஒரு தாளுக்காகக் கேட்டது எல்லாவற்றோடும் சேர்ந்து தேங்கிவிடும்.

நான்காம் வழி: டிபிஎஸ், எஃப்பிஐ

எந்த கவுண்டி என்றே தெரியாதபோது டிபிஎஸ்ஸின் பொதுத் தேடல் உதவும். பெயரும் பிறந்த தேதியும் போதும், தேடலுக்குச் சிறு கட்டணம். ஆனால் பொதுமக்களுக்கு அது காட்டுவது தண்டனைகளும், குற்றவாளி என்ற தீர்ப்பைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பில் விடும் ‘டிஃபர்டு அட்ஜுடிகேஷன்’ உத்தரவுகளும் மட்டும். கைதாகி வழக்கு தள்ளுபடியானவர், வழக்கே போடப்படாதவர், இன்னும் நிலுவையில் இருப்பவர், மூவரும் அதில் சுத்தமாகத் தெரிவார்கள். பொது இடத்தில் குடித்திருந்தது போன்ற கிளாஸ் சி கைதுகள் பெரும்பாலும் அங்கே போய்ச் சேருவதே இல்லை.

சின்ன கவுண்டிக்கே உரிய இன்னொரு ஓட்டை: கைரேகை அட்டையில் ஒரு தொடர் எண் இருக்கும், டிஆர்என் என்பார்கள். ஜெயில் போட்ட எண்ணை அரசு வக்கீலும் கிளார்க்கும் தங்கள் பதிவில் அப்படியே தொடர வேண்டும். எங்கோ ஒரு இலக்கம் தவறினால் கைது ஆஸ்டினில் தொங்கும், முடிவு வந்து சேராது. தள்ளுபடியான வழக்கு பத்து ஆண்டு கழித்தும் ‘முடிவு தெரியவில்லை’ என்று நிற்பது இதனால்தான். சரிசெய்ய கிளார்க்கிடமிருந்து சான்று நகல் வாங்கி டிபிஎஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும்.

உங்கள் சொந்தப் பதிவு என்றால் கைரேகை கொடுத்து டிபிஎஸ்ஸிடம் முழு வரலாற்றையும் வாங்கலாம். எஃப்பிஐயிடம் 18 டாலர். கைரேகைக்குப் பெயர்க் குழப்பம் கிடையாது. சொந்தத் தேவைக்கு இதை விட நல்ல தொடக்கம் இல்லை. கிடைத்த பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கவுண்டி கிளார்க்காகப் போகலாம்.

ஐந்தாம் வழி: தேடல் தளங்கள்

29 டாலர் மாதச் சந்தா, ‘அதிர்ச்சி தரும் தகவல்’ என்று மஞ்சள் பட்டை, ஓடிக்கொண்டே இருக்கும் ‘தேடுகிறோம்’ கோடு. இவர்கள் மொத்தமாக வாங்கும் தரவு, மொத்தமாக விற்கும் கவுண்டிகளிலிருந்துதான் வருகிறது. பிடிஎஃப்கூட ஏற்றாத கவுண்டியின் தரவு இவர்களிடம் எப்படி இருக்கும்? இருந்தால் அது ரோஸ்டரிலிருந்து சுரண்டிய கைது மட்டுமாக இருக்கும், தள்ளுபடியானது தெரிந்திருக்காது.

வாடகைக்கு ஆள் எடுக்கவோ வேலைக்கு வைக்கவோ இவற்றைப் பார்த்து முடிவெடுப்பது சட்டப்படியும் வம்பு. அதற்கு அமெரிக்க மத்திய எஃப்சிஆர்ஏ சட்டத்துக்கு (பின்னணி, கடன் அறிக்கைகளை ஒழுங்குபடுத்துவது) உட்பட்ட நிறுவனத்திடம்தான் அறிக்கை வாங்க வேண்டும்; வேலைக்கென்றால் சம்பந்தப்பட்டவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். அந்த அறிக்கையில் ஏழு ஆண்டுக்கு முந்தைய வெறும் கைதுகள் பொதுவாக வரக்கூடாது.

நம் படமே அப்படிப்பட்ட தளத்தில் இருந்தால்? டெக்சஸ் வணிகச் சட்டத்தின் 109வது அத்தியாயப்படி, பணம் வாங்கிக்கொண்டு பதிவை நீக்கும் தொழிலைச் செய்கிறவர்கள் தகவல் சரியாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். ஆட்சேபித்தால் இலவசமாக விசாரிக்க வேண்டும். எக்ஸ்பங்க்ஷன், அதாவது கைதுப் பதிவையே அழிக்கச் சொல்லும் உத்தரவு வந்தது தெரிந்தும் வைத்திருக்கக்கூடாது. மீறலுக்கு 500 டாலர் வரை அபராதம். கேட்டவுடன் பணம் கட்டிவிடாதீர்கள்.

பழைய கைது, அதாவது இருபது முப்பது ஆண்டுக்கு முந்தையது என்றால் உள்ளூர் வாரப் பத்திரிகையைப் பாருங்கள். ‘ஷெரிஃப் ரிப்போர்ட்’ என்று வாராவாரம் அச்சிட்டிருப்பார்கள். நார்த் டெக்சஸ் பல்கலைக்கழகம் நடத்தும் போர்ட்டல் டு டெக்சஸ் ஹிஸ்டரியில் பல ஊர்ப் பத்திரிகைகள் இலவசமாக இருக்கின்றன. தேதி கிடைத்துவிட்டால் கிளார்க்கின் வேலை பத்து நிமிஷம்.

நம் பெயர்கள் செய்யும் குழப்பம்

மேலே சொன்ன கற்பனை வரியில் ‘எஃப்என்யூ’ என்று இருந்ததே, அது பெயர் அல்ல. முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராகி, முதல் பெயர் எஃப்என்யூ ஆகிவிடும். பிறகு லைசென்ஸ் எடுக்கும்போது அப்பா பெயர் சேரும், கிரீன் கார்டில் இன்னொரு வரிசை. ஒரே ஆளுக்கு மூன்று பெயர்.

எனவே ஒரு தேடலோடு நிறுத்தாதீர்கள். சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்து ஒருமுறை, அப்பா பெயரை வைத்து ஒருமுறை, எஃப்என்யூ சேர்த்து ஒருமுறை. ‘த’ ஒலிக்கு டி-எச் போட்டும் டி மட்டும் போட்டும் பாருங்கள். ‘ழ’வுக்கு இசட்-எச், எல் இரண்டும். நீளமான பெயர் என்றால் புக்கிங் மென்பொருள் நடுவில் வெட்டியிருக்கலாம். முதல் ஐந்தாறு எழுத்து போதும். பிறந்த தேதியை மாதம் முன்னால், நாள் பின்னால் எழுதுவது இங்கே வழக்கம். ஏப்ரல் 7 நம் ஆள் ஜூலை 4 ஆக உட்கார்ந்திருப்பார். கிளார்க்கிடம் இந்த வடிவங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவர் பெருமூச்சு விடுவார், ஆனால் பார்ப்பார்.

எங்கே தேடியும் கிடைக்காதவை

டெக்சஸில் 17 வயதுக்குக் கீழே என்றால் சிறார். பதிவு பொதுவில் வராது. எக்ஸ்பங்க்ஷன் ஆனது சட்டப்படி இல்லாதது. அலுவலகம் ‘இல்லை’ என்றே சொல்லும். நான்டிஸ்க்ளோஷர் உத்தரவு ஆனது இருக்கும், ஆனால் பொதுமக்களுக்குக் காட்ட மாட்டார்கள். மத்தியக் குற்றம் என்றால் கவுண்டியில் தேடிப் பயனில்லை. அது பேசர் என்ற மத்திய நீதிமன்றங்களின் இணையதளத்தில் இருக்கும், பக்கத்துக்கு 10 சென்ட், மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் என்றால் கட்ட வேண்டாம். உங்கள் மேல் வாரண்ட் நிலுவையில் இருக்குமோ என்ற சந்தேகத்தை மட்டும் ஷெரிஃப் ஆபீஸ் ஜன்னலில் போய்த் தீர்த்துக்கொள்ளாதீர்கள். இருந்தால் அங்கேயே கைது. வக்கீல் மூலம் கேளுங்கள்.

குடியுரிமை மனுவுக்காகத் தேடுகிறவர்கள்

இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் கணிசமானவர்களின் தேவை இதுவாகத்தான் இருக்கும். என்-400 படிவம் எல்லா கைதையும் கேட்கிறது. தள்ளுபடியானது, எக்ஸ்பங்க்ஷன் ஆனது உட்பட. ரோஸ்டர் படமோ தேடல் தள அறிக்கையோ செல்லாது. கோர்ட் கிளார்க்கின் சான்று நகல் வேண்டும். எக்ஸ்பங்க்ஷன் போடப் போகிறீர்கள் என்றால், உத்தரவு வரும் முன்பே சான்று நகல் இரண்டு செட் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அழித்த பிறகு கிளார்க்கிடம் கேட்டால் கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்காது.

கைதாகி வழக்கே போடவில்லை என்றால் காகிதம் கைது செய்த ஏஜென்சியிடமிருந்தோ உரிய கோர்ட்டிலிருந்தோ வர வேண்டும்: வழக்குத் தாக்கல் செய்யப்படவில்லை என்ற அதிகாரப்பூர்வக் கடிதம். சின்ன கவுண்டியில் இதற்கு அச்சிட்ட படிவம் இருப்பதில்லை. வெறுமனே கேட்டால் ‘பதிவு எதுவும் கிடைக்கவில்லை’ என்று ஒற்றை வரியில் தந்துவிடுவார்கள். அதிகாரி அதைத் திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு. தேடிய பெயர் வடிவங்கள் எல்லாம், பிறந்த தேதி, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, மிஸ்டிமீனர் ஃபெலனி இரண்டு இண்டெக்ஸும் பார்க்கப்பட்டன என்ற வாசகம், கையொப்பம், முத்திரை, தேதி ஆகிய அத்தனையும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். வரைவை நீங்களே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பி, ‘சரியாக இருந்தால் உங்கள் லெட்டர்ஹெட்டில் போட்டுத் தர முடியுமா’ என்று கேளுங்கள். மூன்று பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் அதற்குப் பெரும்பாலும் சரி என்றுதான் பதில் வரும்.